டயாப்லோ 2: எலும்புப் படையோடு முதல் சுற்று

டயாப்லோ 2 என்ற கணினி கேம் வெளிவந்தது 2000 ஜூனில். அடுத்த ஆண்டே லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன் விரிவாக்கம் வந்து ஐந்தாம் அங்கத்தையும் இரண்டு புதிய வகுப்புகளையும் (ஆடும் ஆளின் வகைகள்) சேர்த்தது. 2021 செப்டம்பரில் வந்த ரிசரெக்டட், அதே கேமைப் புதிய படத்தோடு தருகிறது. இன்று புதிதாகத் தொடங்குபவர் வாங்குவது இதைத்தான். காட்சி புதியது, உள்ளே ஓடும் கணக்கு பெரும்பாலும் பழையது. எந்த எண் எதற்கு என்று கேம் சொல்லித் தராது. தவறான இடத்தில் போட்ட புள்ளி பத்து லெவல் கழித்துத்தான் வலிக்கும்.

முதல் ஆட்டத்துக்கு, பிணங்களை எழுப்பும் மந்திரவாதியான நெக்ரோமான்ஸரை எடுங்கள். சோர்சரஸ் வேகமானவள், ஆனால் நாலு அடியில் விழுந்துவிடுவாள். பார்பேரியனுக்கு நல்ல ஆயுதம் வேண்டும், புதியவர் கையில் அது இருக்காது. எலும்புக்கூடுகளை எழுப்பும் நெக்ரோமான்ஸருக்கு ஆயுதமே தேவையில்லை. எதிரிக்கும் உங்களுக்கும் நடுவே எப்போதும் ஒரு படை நிற்கும். பின்னால் நின்று யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும்.

ஆஃப்லைனில் தொடங்குங்கள். கடின நிலையை (நார்மல், நைட்மேர், ஹெல்) மாற்றாதவரை வரைபடம் அப்படியே இருக்கும், ஒருமுறை கண்டுபிடித்த வழி மறுநாளும் உதவும். ஆஃப்லைனில் வளர்த்த ஆளை ஆன்லைனுக்குக் கொண்டுபோக முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஹார்ட்கோர் பெட்டியில் டிக் போடாதீர்கள். அதில் ஒருமுறை செத்தால் அந்த ஆள் முடிந்தான்.

புள்ளிகளை எங்கே போடுவது

ஒவ்வொரு லெவலுக்கும் ஐந்து உடல் புள்ளியும் ஒரு ஸ்கில் பாயிண்டும் வரும். உடல் புள்ளிக் கணக்கு எளிது. அணிய நினைக்கும் கவசத்துக்குத் தேவையான அளவு ஸ்ட்ரெங்த், மீதி அத்தனையும் வைட்டாலிட்டி. நெக்ரோமான்ஸருக்கு ஒரு வைட்டாலிட்டி இரண்டு உயிர்ப் புள்ளி தரும். எனர்ஜியில் ஒன்றுகூடப் போடாதீர்கள். மந்திரம் போடச் செலவாகும் மானா தீர்கிறதே என்று எனர்ஜியில் கொட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. மானாவுக்கு மருந்துக் குப்பி இருக்கிறது. பின்னால் கூலி வீரன் கையில் இன்சைட் என்ற ஆயுதம் வரும். உயிருக்கு வேறு வழி அவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

ஸ்கில் பாயிண்டில் கட்டுப்பாடு வேண்டும். கடைசியில் 20 வரை நிரம்ப வேண்டியவை மூன்று: ரெய்ஸ் ஸ்கெலிட்டன், ஸ்கெலிட்டன் மாஸ்டரி, கார்ப்ஸ் எக்ஸ்ப்ளோஷன். மற்றவற்றில் ஒரு புள்ளி போதும்.

ரெய்ஸ் ஸ்கெலிட்டன் 3ஆம் லெவல் வரை, லெவலுக்கு ஒரு எலும்புக்கூடு. அதற்குப் பிறகு மூன்று லெவலுக்கு ஒன்றுதான் கூடும்: 6இல் நான்கு, 9இல் ஐந்து, 12இல் ஆறு, 20இல் எட்டு. எண்ணிக்கை ஏறவில்லையே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். நான்காம் லெவலிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எலும்புக்கூட்டின் உயிரையும் அடியையும் கூட்டுகிறது. தொடக்கத்தில் கையில் இருக்கும் மந்திரக்கோலே இந்த ஸ்கில்லுக்கு ஒரு லெவல் கூட்டித் தருகிறது. அதைவிடக் கூடுதலாகத் தரும் கோல் கிடைக்கும்வரை அதை விற்கக் கூடாது. முதல் அங்கத்தின் ஊரான ரோக் முகாமில் அகாரா மந்திரக்கோல் விற்பாள். ரெய்ஸ் ஸ்கெலிட்டனுக்கோ ஸ்கெலிட்டன் மாஸ்டரிக்கோ கூடுதல் லெவல் உள்ள கோல் இருக்கிறதா என்று ஊருக்கு வரும்போதெல்லாம் பாருங்கள். வெள்ளை எழுத்தில் இருக்கும் சாதாரணக் கோலிலும் அது இருக்கும்.

தொடக்க வரிசை இப்படி. முதல் சில புள்ளிகள் ரெய்ஸ் ஸ்கெலிட்டனில். ஆம்ப்ளிஃபை டேமேஜில் சீக்கிரமே ஒன்று. இந்தச் சாபம் பட்ட எதிரி உடலடியை (தீ, குளிர் போன்றவை சேராத நேரடி அடி) ஏறத்தாழ இரண்டு மடங்காக வாங்குவான், ஒரே புள்ளியில் படையின் பலம் இரட்டிப்பாகிறது. 6ஆம் லெவலில் களிமண் பொம்மையான க்ளே கோலமுக்கு ஒன்று, டீத்துக்கு ஒன்று, அதன் வழியாகக் கார்ப்ஸ் எக்ஸ்ப்ளோஷனுக்கு ஒன்று. பிறகு ரெய்ஸ் ஸ்கெலிட்டனும் ஸ்கெலிட்டன் மாஸ்டரியும் மாறி மாறி. போகிற வழியில் வீக்கன், டெரர் இரண்டிலும் ஒவ்வொன்று போட்டால் 24ஆம் லெவலில், எதிரியை மந்தமாக்கும் சாபமான டெக்ரிப்பிஃபை திறக்கும். அதே 24இல் கோலம் மாஸ்டரி வழியாக, படையின் தடுப்பைக் கூட்டும் சம்மன் ரெசிஸ்டுக்கும் ஒன்று. ஸ்கெலிட்டல் மேஜ் பார்க்க அழகு, ஆனால் புள்ளி தின்னும். முதல் சுற்றில் ஒன்றோடு நிறுத்துங்கள்.

கை தவறிப் போட்டுவிட்டால் பயப்பட வேண்டாம். முதல் அங்கத்தின் டென் ஆஃப் ஈவில் வேலையை முடித்தால் அகாரா எல்லாப் புள்ளிகளையும் ஒருமுறை திருப்பித் தருவாள். கடின நிலை ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை.

பிணம்தான் மூலதனம்

பிணம் இல்லாத நெக்ரோமான்ஸர் வெறும் ஆள். எந்தச் சண்டையிலும் முதல் கேள்வி இதுதான்: முதல் பிணம் எங்கிருந்து வரும்? கூலி வீரனும் எலும்புக்கூடுகளும் சேர்ந்து ஒருவனை வீழ்த்த வேண்டும். அவன் விழுந்ததும் கூட்டத்தின்மேல் ஆம்ப்ளிஃபை டேமேஜ் போட்டு, அந்தப் பிணத்தின்மேல் கார்ப்ஸ் எக்ஸ்ப்ளோஷன். வெடிப்பின் வலிமை செத்தவனின் உயிரளவைப் பொறுத்தது, அதனால் எதிரி பெரிதாக ஆக வெடியும் தானாகப் பெரிதாகிறது. அந்த அடியில் பாதி தீ, பாதி உடலடி. சாபத்தை முதலில் போடச் சொல்வது அந்த உடலடிப் பாதிக்காகத்தான். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இரண்டு விழும், அந்த இரண்டு நாலைச் சாய்க்கும்.

எந்தப் பிணத்திலிருந்து எழுப்பினாலும் எலும்புக்கூட்டின் பலம் ஒன்றுதான், அது ஸ்கில் லெவலை மட்டும் பார்க்கிறது. பிணத்தை உடனே செலவழிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. முதல் அங்கத்தில் குட்டையான ஃபாலன்களை ஷாமன் திரும்பத் திரும்ப உயிர்ப்பிப்பான். அவர்கள் விழுந்த உடனே பிணத்தை எலும்புக்கூடாக்கினாலோ வெடித்தாலோ அவனுக்கு உயிர்ப்பிக்க எதுவும் இருக்காது.

கேமை மூடிவிட்டுத் திரும்ப வந்தால் எலும்புக்கூடுகள் இருக்காது. கூலி வீரன் மட்டுமே நிற்பான். ஆகவே கடினமான இடத்தின் வேபாயிண்டுக்கு (ஊரிலிருந்து நேராகத் தாவ உதவும் மேடை) நேராகப் போகாதீர்கள். முதலில் பிளட் மூர் மாதிரி எளிய இடத்துக்குப் போய்ப் படையை முழுதாக நிரப்பிக்கொண்டு, பிறகு வேபாயிண்ட் ஏறுங்கள். இரண்டு மூன்று நிமிட வேலை. அதைத் தவிர்ப்பவர்கள்தான் வேபாயிண்டை விட்டு இறங்கிய பத்தாவது நொடியில் சாகிறார்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

இடுப்புப் பட்டை மருந்துக்கானது. பட்டையே இல்லாவிட்டால் நான்கு குப்பி, சாஷ் அல்லது லைட் பெல்ட்டில் எட்டு, பெல்ட்டிலும் ஹெவி பெல்ட்டிலும் பன்னிரண்டு, ப்ளேட்டட் பெல்ட்டில் பதினாறு. சிவப்புக் குப்பி இரண்டு வரிசை, நீலம் ஒன்று, கடைசி வரிசை ஊதா ரிஜுவனேஷனுக்கு. சிவப்புக் குப்பி உயிரை மெதுவாக ஏற்றும். ரிஜுவனேஷன் 35 சதவீதத்தை அந்த நொடியே தரும். ஆகவே ஊதாவை ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூலி வீரனுக்கு மருந்து கொடுக்க ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அந்த வரிசையின் எண்ணைத் தட்டினால் போதும்.

ஊருக்கு வாசல் திறக்கும் டவுன் போர்ட்டல் புத்தகம் ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும். 20 சுருள் பிடிக்கும், ஐந்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பாஸ் (பெரிய எதிரி) அறைக்குள் நுழையும் முன் வாசலில் ஒரு போர்ட்டல் திறந்து வையுங்கள், செத்தால் திரும்பி வர அதுவே வழி. செத்த இடத்தில் உங்கள் உடல் பொருள்களோடு கிடக்கும், தொட்டால் எல்லாம் திரும்பும். அங்கே போகவே முடியாத நிலை என்றால் சேவ் செய்து வெளியேறி மறுபடி நுழையுங்கள், உடல் ஊரிலேயே கிடைக்கும்.

தரையில் விழும் பொருளைப் பார்க்க ஆல்ட் விசை. நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தங்க நிறமும் மஞ்சளும் கண்ணைப் பறிக்கும், ஆனால் முதல் சுற்றில் உங்களைத் தூக்கி நிறுத்தப்போவது சாம்பல் நிறப் பெயரோடு விழும், குழி உள்ள சாதாரணக் கவசம்தான். காரணம் ரூன்வேர்ட்: குழிகளில் ரூன் என்ற கற்களைச் சரியான வரிசையில் பதித்தால் பொருளுக்குக் கிடைக்கும் சிறப்புச் சக்தி.

ஸ்டெல்த், முதல் பெரிய பாய்ச்சல்

முதல் அங்கத்தில் பிளாக் மார்ஷ் பகுதியில் ஃபர்காட்டன் டவர் இருக்கிறது. ஐந்து தளம் இறங்கினால் கவுண்டஸ் என்ற குட்டி பாஸ். அவள் ரூன் போடுவாள், நார்மலில் அவளுடைய தனி ரூன் பட்டியல் ரால் வரை போகிறது. உங்களுக்கு வேண்டியது டால் ஒன்று, எத் ஒன்று. இரண்டு குழி உள்ள ஒரு மேல்கவசத்தில் முதலில் டால், பிறகு எத் பதித்தால் ஸ்டெல்த். 17ஆம் லெவலில் அணியலாம். ஓட்டம், மந்திரம் போடும் வேகம், அடிபட்டு மீளும் வேகம் மூன்றிலும் 25 சதவீதம் கூடும், விஷத் தடுப்பு 30, மானா வேகமாக ஊறும். நார்மல் முழுவதற்கும் இதுவே போதும்.

மூன்று விதிகளில் ஒன்று பிசகினாலும் ரூன்வேர்ட் அமையாது. பொருள் சாதாரணமாக இருக்க வேண்டும். நீலம், மஞ்சள், பச்சை, தங்கம் எதுவும் ஆகாது. குழியின் எண்ணிக்கை ரூன்வேர்டில் உள்ள ரூன்களின் எண்ணிக்கைக்குச் சரியாக இருக்க வேண்டும். மூன்று குழிக் கவசத்தில் இரண்டு ரூன் போட்டால் ஸ்டெல்த் வராது. வரிசை மாறக் கூடாது. பதித்த பிறகு ரூனைத் திரும்ப எடுக்க முடியாது. ஹெல் ரூனையும் ஒரு டவுன் போர்ட்டல் சுருளையும் பொருளோடு ஹொராட்ரிக் க்யூபில் (பொருள்களைச் சேர்த்து மாற்றும் பெட்டி, இரண்டாம் அங்கத்தில் கிடைக்கும்) போட்டால் குழி காலியாகும், ஆனால் உள்ளே இருந்தவை அழிந்துபோகும். க்வில்ட்டட் ஆர்மருக்கு அதிகபட்சமே இரண்டு குழிதான், அதனால் அதைத் தேடுவது எளிது.

கவுண்டஸ் சாகும்போது தீயாய் வெடிப்பாள். எலும்புக்கூடுகளை அனுப்பிவிட்டு நீங்கள் அறை வாசலிலேயே நில்லுங்கள். ரூன் வரவில்லையா, சேவ் செய்து வெளியேறித் திரும்ப வாருங்கள், பிளாக் மார்ஷ் வேபாயிண்டிலிருந்து டவர் தூரமில்லை. ஒரே மாதிரி சின்ன ரூன் மூன்றை க்யூபில் போட்டால் அடுத்த ரூன் ஒன்றாகும் என்பதால் அவற்றையும் வீசாதீர்கள்.

முதல் இரண்டு அங்கங்கள்

முதல் அங்கத்தில் டென் ஆஃப் ஈவிலை முதலில் முடியுங்கள், ஒரு ஸ்கில் பாயிண்ட் கிடைக்கும். உள்ளே ஒன்று விடாமல் கொல்ல வேண்டும். மீதி ஐந்தாகும்போது எண்ணிக்கை திரையில் வரும். அடுத்து கோல்ட் ப்ளெய்ன்ஸை ஒட்டிய சுடுகாட்டில் பிளட் ரேவன். அவளை முடித்தால் காஷ்யா ஒரு வில்வீராங்கனையை இலவசமாகத் தருவாள். மூன்றாவதாக கெய்ன் கிழவரை ட்ரிஸ்ட்ரமிலிருந்து மீட்க வேண்டும். டார்க் வுட் மரத்திலிருந்து சுருளை எடுத்து, அகாராவிடம் காட்டி, ஸ்டோனி ஃபீல்டில் உள்ள ஐந்து கற்களைச் சுருள் சொல்லும் வரிசையில் தொடுங்கள், ட்ரிஸ்ட்ரமுக்கு வழி திறக்கும். அவரை மீட்டால் பொருள்களை இலவசமாக அடையாளம் காட்டுவார். விட்டுவிட்டால் ஒவ்வொன்றுக்கும் காசு கேட்பார். அங்கத்தின் பாஸான ஆண்டாரியலின் ஆயுதம் விஷம், அவளுக்கு ஆகாதது தீ. விஷமுறிவுக் குப்பி இரண்டு மூன்று குடித்துவிட்டு உள்ளே போங்கள்.

இரண்டாம் அங்கம்தான் புதியவர்களை வடிகட்டும் இடம். அதன் ஊரான லுட் கோலைன் போய்ச் சேர்ந்ததும் சாக்கடைக்குள் ராடமென்டைக் கொல்லுங்கள், அவனிடமிருந்து விழும் புத்தகம் ஒரு ஸ்கில் பாயிண்ட். பிறகு க்ரைஸிடம் போய் ஈட்டி வீரன் ஒருவனை அமர்த்துங்கள். நார்மலில் காம்பாட் வகை ஆளுக்கு ப்ரேயர் ஒளிவட்டம் உண்டு, அது உங்களோடு படைக்கும் உயிர் ஏற்றும். இந்த வீரனுக்கு நல்ல கவசம் போட மறந்துவிடாதீர்கள். வலு கூடிய ஈதீரியல் பொருளைப் பழுதுபார்க்க முடியாது என்பதால் உங்களுக்கு அது ஆகாது. கூலி வீரன் அணியும் பொருள் தேய்வதில்லை, அதனால் அவனுக்கு அது பொக்கிஷம்.

மூன்று பொருள்களைத் தேட வேண்டும். ட்ரை ஹில்ஸில் உள்ள ஹால்ஸ் ஆஃப் த டெட்டில் ஹொராட்ரிக் க்யூப், ஃபார் ஓயாசிஸில் மேகட் லேர் மூன்றாம் தளத்தில் கோல், க்ளா வைப்பர் கோயிலில் பதக்கம். மேகட் லேரின் சந்துகள் ஒற்றையாள் அகலம். படை முழுக்க உங்களுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும், நீங்கள்தான் முன்னால் மாட்டுவீர்கள். அங்கே க்ளே கோலமை உங்களுக்கு முன்னால் இறக்கி இறக்கி நகருங்கள். கோலையும் பதக்கத்தையும் க்யூபில் சேர்த்தால் ஹொராட்ரிக் ஸ்டாஃப்.

ஆர்கேன் சாங்சுவரியில் நான்கு கிளைகள், அதில் ஒன்றின் முனையில் சம்மனர். அவன் பக்கத்தில் இருக்கும் குறிப்பேட்டைப் படித்தால் கேன்யன் ஆஃப் த மேஜை செல்லும் வழி திறக்கும். அங்கே ஏழு கல்லறைகள். எது உண்மையான கல்லறை என்பதை வேலைப் பட்டியலில் உள்ள குறி காட்டும். அதைப் பார்க்காமல் ஏழிலும் நுழைந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

டூரியல்

எலும்புப் படையோடு வருபவருக்கு நார்மலின் மிகக் கடினமான பாஸ், அந்த உண்மையான கல்லறைக்குள் இருக்கும் டூரியல்தான். அறை சின்னது, அவனைத் தவிர வேறு யாரும் இல்லை, ஆகவே பிணமும் இல்லை. எலும்புக்கூடுகள் விழுந்தால் மறுபடி எழுப்ப வழியில்லை. அவனுடைய குளிர் எல்லோரையும் மந்தமாக்கும்.

கல்லறைக்குள் எதிரிகள் ஏராளம். அங்கேயே படையை முழுதாக்குங்கள். ஸ்டாஃபைப் பதித்துச் சுவர் திறந்ததும் வெளியே ஒரு போர்ட்டல் திறந்து ஊருக்குப் போய், பட்டை முழுக்க மருந்தும், குளிர்முறிவுக் குப்பி சிலவும் வாங்கி வாருங்கள். ஒரு குப்பி 30 நொடிக்குக் குளிர்த் தடுப்பை 50 கூட்டும். உள்ளே நுழைந்த உடனே அவன் பாய்வான். முதல் வேலை க்ளே கோலமை அவன் மேலேயே இறக்குவது. க்ளே கோலம் அடிக்க அடிக்க எதிரி மந்தமாவான், இவனுக்கும் அது பலிக்கும். 24ஆம் லெவல் ஆகியிருந்தால் டெக்ரிப்பிஃபை போடுங்கள், அவன் வேகம் பாதியாகும். ஆகாவிட்டால் ஆம்ப்ளிஃபை டேமேஜ். கோலம் செத்தால் அடுத்த நொடியே இன்னொன்று. கோலமுக்குப் பிணம் வேண்டாம், மானா போதும். இந்தச் சண்டைக்கு மட்டும் பட்டையில் நீலக் குப்பி இரண்டு வரிசை வைப்பதும் அதற்காகத்தான். நீங்கள் அவனைச் சுற்றி நடந்துகொண்டே இருங்கள், ஒரே இடத்தில் நிற்காதீர்கள். படையெல்லாம் விழுந்தாலும் கோலமும் கூலி வீரனும் சேர்ந்து அவனைத் தேய்த்து முடிப்பார்கள். 20 லெவலுக்குக் குறைவாக இங்கே வந்திருந்தால் திரும்பிப் போய்க் கல்லறைகளைச் சுத்தம் செய்துவிட்டு வருவது நல்லது.

மூன்று முதல் ஐந்து வரை

மூன்றாம் அங்கம் நீளமான காடு, எதிரிகள் சிதறி வருவார்கள். லாம் எசெனின் புத்தகத்தை விடாதீர்கள், ஐந்து உடல் புள்ளி. காலிமின் கண், மூளை, இதயம் மூன்றையும் கதாயுதத்தோடு க்யூபில் சேர்த்து, அந்த ஆயுதத்தைக் கையில் எடுத்து ட்ராவின்கலில் உள்ள உருண்டையை உடைக்க வேண்டும். ட்யூரன்ஸ் ஆஃப் ஹேட் இரண்டாம் தளத்தில் வேபாயிண்ட் உண்டு. அதைத் தொடாமல் அங்கத்தின் பாஸான மெஃபிஸ்டோவிடம் போகாதீர்கள்.

நான்காம் அங்கம் சிறியது. இசுவலை விடுவித்தால் இரண்டு ஸ்கில் பாயிண்ட். ஹெல்ஃபோர்ஜில் கல்லை உடைத்தால் கற்களோடு ஒரு ரூன் உறுதி. கேயாஸ் சாங்சுவரியில் ஐந்து முத்திரைகள், அவற்றில் மூன்று குட்டி பாஸ்களை அழைக்கும். ஒவ்வொன்றையும் தொடும் முன் படை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். டயாப்லோ வாயிலிருந்து வரும் மின்னலுக்கு நேர்க்கோட்டில் நிற்காதீர்கள், பக்கவாட்டில் விலகுங்கள். கோலமைக் கண்டால் அவன் அதன் மேலேயே கவனமாக இருப்பான்.

ஐந்தாம் அங்கத்தில் பரிசுகள் அதிகம். ஊர்க் கொல்லன் லார்ஸுக் ஒரு பொருளில் குழி போட்டுத் தருவான். 15 வீரர்களை மீட்டால் க்வால்-கேக் டால், ரால், ஓர்ட் மூன்று ரூனையும் தருவான். மூன்று குழிக் கேடயம் ஒன்றில் ரால், ஓர்ட், டால் என்ற வரிசையில் பதித்தால் ஏன்ஷியன்ட்ஸ் ப்ளெட்ஜ். தீ, குளிர், மின்னல், விஷம் நான்கின் தடுப்பும் 43க்குக் குறையாமல் ஏறும், 21ஆம் லெவல் போதும். அன்யாவை மீட்டால் எல்லாத் தடுப்பும் நிரந்தரமாகப் பத்து கூடும். ஏன்ஷியன்ட்ஸ் மூவரோடு மோதும்போது போர்ட்டல் திறந்து ஊருக்குப் போகக் கூடாது. போனால் மூவரும் முழு உயிரோடு முதலிலிருந்து தொடங்குவார்கள்.

நைட்மேர் வாசலில்

ஐந்தாம் அங்கத்தின் பாஸான பால் (Baal) விழுந்ததும் நைட்மேர் திறக்கும். அங்கே உங்கள் தடுப்பு எல்லாவற்றிலும் 40 கழிக்கப்படும், ஹெல்லில் 100. உச்சவரம்பு 75. நார்மல் முடியும்போது தீயும் மின்னலும் 50ஐத் தாண்டியிருந்தால் கிளம்பலாம். இல்லையென்றால் கேடயத்தையும் மோதிரங்களையும் சரிசெய்துவிட்டுப் போங்கள். இனி செத்தால் அனுபவப் புள்ளியும் குறையும், நைட்மேரில் 5 சதவீதம்.

இரண்டாம் அங்கத்துக்கு விரைந்து, பழைய ஈட்டி வீரனை விட்டுவிட்டு அஃபென்ஸ் வகை ஆளை எடுங்கள். நைட்மேரில் அவனுக்கு மைட் ஒளிவட்டம், படையின் அத்தனை எலும்புக்கூட்டின் அடியும் ஏறும். அவன் கையில் நான்கு குழி உள்ள ஒரு போல்ஆர்மைக் கொடுத்து ரால், டிர், டால், சோல் பதித்தால் இன்சைட், 27ஆம் லெவல். அதன் மெடிட்டேஷன் ஒளிவட்டம் வந்த பிறகு நீலக் குப்பியே வாங்க வேண்டியிருக்காது. சோல் மட்டும் அரிது. நைட்மேர் கவுண்டஸ் அதைப் போடுவாள், அல்லது மூன்று ஆம்ன் ரூனோடு ஒரு சில்லு அமெதிஸ்ட் சேர்த்து க்யூபில் செய்துகொள்ளலாம்.

எதிரிகள் எளிதாகச் சாகிறார்கள் என்று தோன்றினால், ஆஃப்லைனில் சாட் பெட்டியைத் திறந்து சாய்கோடு போட்டு, பிளேயர்ஸ் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு 3 போடுங்கள். மூன்று பேர் ஆடுவதுபோல எதிரிகளின் உயிரும் உங்கள் அனுபவப் புள்ளியும் இரண்டு மடங்காகும். எட்டு வரை ஏற்றலாம். பாஸ் அறைக்குள் போகும் முன் 1க்குத் திருப்பிவிட்டு, சேவ் செய்து மறுபடி நுழைந்து, படையை நிரப்பிக்கொண்டு போங்கள்.